இயங்கத் தொடங்கி நான்கு விநாடி

மார்ச் 4

அண்ணா,

நலம். நலமறிய ஆவல் என்று அடுத்து எழுத வேண்டும். ஆவல் இல்லை, கோபம்தான் இருக்கிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேச வேண்டாம் என்று பிப்ரவரியில் நான் சொன்னது இன்னும் அமலில் இருக்கிறது. அதுவரை தினமும் மாலை ஏழு மணிக்கு நீ அழைப்பாய். "எப்படி இருக்க? என்ன முடிவு பண்ணியிருக்க?" என்பாய். நான் அழுவேன். நீ "சரி சரி, பார்த்துக்கோ" என்று வைத்துவிடுவாய். மறுநாள் முழுக்க எனக்கு வேலை ஓடாது. அலுவலக மெயிலும் வேண்டாம். போன வாரம் உனக்கு மூன்று பக்கத்துக்கு மெயில் எழுதினேன். உங்கள் தலைமை அலுவலகத்தில் ஏதோ ஒரு ஏஐ அதைச் சுருக்கி, "சோதனைக்கூட ஊழியர் அதிருப்தியில் உள்ளார்" என்று உன்னிடம் நீட்டியதாகக் கேள்விப்பட்டேன். ஆகவே காகிதம். உதிரிபாகப் பையில் வாரம் இருமுறை வரும். இதையாவது யாரும் சுருக்க மாட்டார்கள்.

உன் இலாகாவுக்கும் என் இலாகாவுக்கும் நடுவில் ஒரு பம்பு செத்துக்கொண்டிருக்கிறது. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் கம்பெனியின் மருந்து பம்பு ஒன்று, போன வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் நாற்பது நாளுக்கு மேல் அணைக்காமல் ஓடி, திடீரென்று நின்றது. அலாரம்கூட அடிக்கவில்லை. ஒரு நர்ஸ் கவனித்ததால் நோயாளி பிழைத்தார். அந்த அம்மா பதறிப்போய் பம்பை அணைத்து மறுபடி போட்டார்; பம்பு மீண்டும் ஓடியது. ஏன் நின்றது என்பதற்கான சான்று அதன் நினைவகத்தில் இருந்திருக்கும். அணைத்ததும் அதுவும் போயிற்று. "நர்ஸ் எதையோ அழுத்தியிருப்பார்" என்று நம் ஆட்கள் கோப்பை மூடிவிட்டார்கள். நான் மூடவில்லை. ஜூன் ஐந்தாம் தேதி எண்ணூறு பம்புகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போகின்றன. அதற்குள் ஒரே ஒரு பம்பையாவது ஒரு தடவைகூட நிறுத்தாமல் நாற்பத்தைந்து நாள் ஓட்டிக் காட்ட வேண்டும். நின்றால், நின்ற நிலையிலேயே உள்ளே பார்க்க வேண்டும்.

பம்பின் போர்டை இரவும் பகலும் கவனிப்பது ஏஐ ஏஜென்ட். நாங்கள் அதைச் 'சமர்த்து' என்று அழைக்கிறோம், பாராட்டாக அல்ல. போர்டிலிருந்து ஒரு நாடாக் கேபிள், அதன் நுனியில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி. அந்தப் பெட்டி வழியாகத்தான் சிப்புக்குள் பார்க்க முடியும். சமர்த்துக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. அதனிடம் இருப்பது ஆறு கருவிகள்: இணை, கேள், படி, எழுது, ரீசெட், விலகு. ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று அதற்குத் தெரிவது நீ எழுதிய விளக்கத்தை வைத்துத்தான்.

'இணை'க்கு நீ எழுதியிருப்பது: "போர்டுடன் இணைக்கும்."

நன்றி. இணைக்கும்தான். இணைக்கும்போதே போர்டை ரீசெட்டும் செய்யும்; ஓட்டம் மறுபடி முதலிலிருந்து. அதை நீ எழுதவில்லை. போர்டிலிருந்து வரும் செய்தி இரண்டு நிமிடம் தாமதமானால் சமர்த்துக்குக் கவலை வந்துவிடுகிறது. நலமா என்று பார்க்க இணைகிறது. பிறகு எனக்கு அறிக்கை அனுப்புகிறது: "போர்டு நலமாக உள்ளது. இயங்கத் தொடங்கி நான்கு விநாடி."

பதினோராவது நாள் ஒரு தடவை. ஆறாவது நாள் ஒரு தடவை. நேற்று பத்தொன்பதாவது நாள். ஜனவரி கடைசியிலிருந்து எனக்கு மிச்சம் நான்கு விநாடி.

மாற்று.

தங்கை

மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பையில் அதற்கு மேல் இரண்டு மோட்டார் இருந்ததால் எண்ணெய் படிந்து வந்தது. கோபம் மட்டும் தெளிவாகப் படிக்க முடிந்தது.

பதினான்கு வருடமாக விளக்கக் குறிப்பு எழுதுகிறேன். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு நான் எழுதிய கையேட்டில் பிழை என்று ஒருவரும் புகார் செய்ததில்லை. (யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.) 'இணை'க்கு நான் எழுதியதைப் போன மாதக் கூட்டத்தில் எங்கள் மேலாளர் சத்தமாகப் படித்துக் காட்டிப் பாராட்டினார். எந்தக் கருவிக்கும் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் விளக்கம் கூடாது என்பது அவர் விதி. அதனால்தான் எங்களுக்குள் அவர் பெயர் பன்னிரண்டார். நான் இரண்டே சொல்லில் முடித்திருந்தேன். மீதி பத்து அலுவலகத்துக்கு லாபம் என்றார்.

இருந்தாலும் தங்கை சொன்னதற்காகத் திருத்திவிட்டேன். நாளை முதல் அமலுக்கு வரும்: "போர்டுடன் பாதுகாப்பாக இணைக்கும்."

இனி பிரச்சினை வராது.

மற்றபடி, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? மாப்பிள்ளை அழைத்தாரா? என்னதான் முடிவு செய்திருக்கிறாய்? அண்ணியும் கேட்கச் சொன்னாள். நீ அவர் வீட்டை விட்டு வந்து நான்கு மாதம் ஆகிறது. யாராவது கேட்க வேண்டும் அல்லவா.

அண்ணன்

மார்ச் 16

அண்ணா,

"பாதுகாப்பாக." யாருக்கு?

முன்பெல்லாம் சமர்த்து பயந்தால்தான் இணையும். இப்போது பயமே போய்விட்டது. புதன்கிழமை மதியத்துக்குள் மூன்று தடவை இணைந்திருக்கிறது. ஏன் என்று பதிவில் பார்த்தேன். "இணைப்பு பாதுகாப்பானது என விளக்கம் கூறுவதால், கூடுதல் உறுதிக்காக இணைந்தேன்." இதில் அதன்மேல் என்ன குற்றம் சொல்வது? நம்பிக்கையான ஆள் எழுதிக் கொடுத்ததை நம்பியிருக்கிறது.

ஏழாவது நாளில் போயிற்று. நான்கு விநாடி.

இதற்கு நடுவில் அந்தக் கருவிக்கு 'முறை' என்று ஒரு உள்தேர்வு இருப்பதைக் கண்டுபிடித்தேன். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மூன்று மதிப்பு கொடுக்கலாம். உன் விளக்கம்: "முறை: இணைப்பின் முறை." இதை எழுத எத்தனை நாள் எடுத்தாய்? ஒன்று கொடுத்தால் போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதை நிறுத்தாமல், தொடாமல் உள்ளே பார்க்கலாம். எனக்கு வேண்டியது அதுதான். எதுவும் கொடுக்காவிட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு ரீசெட் செய்கிறது. சமர்த்து எதுவும் கொடுப்பதில்லை. "இணைப்பின் முறை" என்று மட்டும் சொன்னால் நீயானாலும் எதைக் கொடுப்பாய்?

எங்கள் மேலாளரிடம் போனேன். "சமர்த்தை நிறுத்திட்டு நானே பார்த்துக்கறேன் சார், வெறும் நாற்பத்தஞ்சு நாள்தான்" என்றேன்.

"ரெண்டு பேரை அனுப்பிட்டுதானேம்மா அதைக் கொண்டு வந்தோம். இப்ப அதை அனுப்பிட்டு உங்களை வெச்சுக்கிட்டா, மேல என்னை அனுப்பிடுவாங்க" என்றார். நியாயமான மனிதர். தன் கவலையை மறைப்பதே இல்லை.

கணக்குப் போட்டுவிட்டேன். ஏப்ரல் பதினைந்துக்குள் கடைசி ஓட்டத்தைத் தொடங்காவிட்டால் ஜூன் ஐந்துக்குள் முடியாது. பம்புகள் போய்விடும். அதற்குப் பிறகு எல்லா ஆஸ்பத்திரியிலும் நல்ல நர்ஸாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதுதான் என் வேலையாக இருக்கும்.

உன் நான்கு கேள்விகளுக்கும் பதில்: பூஜ்யம்.

தங்கை

மார்ச் 23

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "முறை: இணைப்பின் முறை" என்ற இடத்தில் அவள் சிரித்தது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். பதினான்கு வருட அனுபவத்தை இப்படித் தாண்டிச் செல்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

நேரே ஜன்னலோரத்தாரிடம் போனேன். இந்த ஆறு கருவிகளையும் செய்தவர் அவர். பம்பின் நிரலையும் அவர்தான் எழுதினார். ஜன்னல் பக்கம் முகம், எங்கள் பக்கம் முதுகு, அதுதான் அவர் இருக்கை.

"'இணை' போட்டா போர்டு ரீசெட் ஆகுமா?"

"ஆகும் சார்."

"எங்கேயும் எழுதலையே?"

"அது எல்லாருக்கும் தெரியுமே சார்."

"எனக்குத் தெரியாது."

"நீங்க எழுதுறவர்தானே சார்," என்றார். கிண்டலே இல்லாமல் சொன்னார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே இந்த முறை குறை வைக்கவில்லை. பன்னிரண்டார் விடுப்பில் இருக்கும் வாரமாகப் பார்த்து, 'இணை'க்கு மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். இணைப்பு என்றால் என்ன என்பதில் தொடங்கி, அதன் அபாயங்கள், பொறுப்பு, நிதானத்தின் அவசியம் வரை எல்லாம் இருக்கிறது. "எக்காரணம் கொண்டும்" என்ற தொடரைப் பதினோரு இடங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். "ஐயம் ஏற்படின் பொறுப்பாளரின் ஒப்புதல் பெறுக" என்பதையும் சேர்த்துவிட்டேன். படித்தால் உனக்கே கண் கலங்கும்.

அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "இதைக் கேட்டதுக்கப்புறம் எனக்குக் குக்கரைத் தொடவே பயமா இருக்குங்க," என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நீ பதில் சொல்லவில்லை என்பதால் மறுபடியும் கேட்கிறேன்: சாப்பிடுகிறாயா? அவர் அழைத்தாரா? ஒரு வார்த்தை எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அண்ணன்

ஏப்ரல் 1

அண்ணா,

தேதியைப் பார்த்துச் சிரிக்காதே. எழுதப் போவது அத்தனையும் உண்மை.

உன் காவியம் அமலுக்கு வந்த நாளிலிருந்து சமர்த்து கை கட்டி நிற்கிறது. எதைச் செய்வதானாலும் கேட்கிறது. "இணையலாமா?" "கேட்கலாமா?" "கேட்ட பதிலைப் படிக்கலாமா?" ஒரே நாளில் என் போனுக்கு அறுபத்தொரு முறை. பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போது ஒன்பது. அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "யாருங்க இவ்ளோ அக்கறையா?" என்று கேட்டார். என் அண்ணன் எழுதியதன் விளைவு என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மறுநாள் மேலாளரும் பொறுமை இழந்தார். "எல்லாத்துக்கும் சரின்னு போடுங்கம்மா, தலை வெடிக்குது" என்றார். நானும் போட்டேன். சரி, சரி, சரி, சரி. அந்த வரிசையில் எங்கோ நடுவில் "விலகலாமா?" என்று ஒன்று இருந்திருக்கிறது. அதற்கும் சரி போட்டிருக்கிறேன்.

'விலகு'க்கு உன் விளக்கம்: "இணைப்பைத் துண்டிக்கும்."

துண்டிக்கும்தான். போகும்போது போர்டை ரீசெட் செய்துவிட்டுப் போகும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி. மூன்று பக்கத்தில் நீ 'இணை'யைப் பற்றிச் சொல்லாதது எதுவும் இல்லை. 'விலகு'வைத் தொடவே இல்லை. ஒன்பதாவது நாள் போயிற்று. அந்தச் சரியை அழுத்தியது நான்தான். இதை எழுதுவதற்குள் பேனாவை மூன்று தடவை கீழே வைத்துவிட்டேன்.

இன்னும் பதினான்கு நாள்தான் இருக்கிறது. கோபப்படக்கூட நேரமில்லாததால் கேட்கிறேன், கவனமாகப் படி.

நீ எப்போதும் கருவி என்ன செய்கிறது என்று எழுதுகிறாய். இணைக்கும், துண்டிக்கும், படிக்கும். அது பெயரிலேயே இருக்கிறது. சமர்த்துக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல. கேபிளின் இந்தப் பக்கம் நீ செய்வதை விடு. அந்தப் பக்கம் இருப்பதற்கு என்ன ஆகிறது என்று எழுது. ஓடிக்கொண்டிருந்தால் தொடர்ந்து ஓடுமா? எது அழியும்? அழிந்தது திரும்பி வருமா? எப்போது இதைத் தொடவே கூடாது, அப்போது வேறு எதை எடுக்க வேண்டும்? பயமுறுத்தாதே. கெஞ்சாதே. தத்துவம் வேண்டாம். நடப்பதை நடக்கிறபடி எழுது.

உன் விளக்கத்தைப் படித்துவிட்டு முடிவெடுக்கிற அதற்கு, நாம் முகத்தைச் சுளிப்பது தெரியாது அண்ணா.

தங்கை

ஏப்ரல் 8

அன்புள்ள தங்கைக்கு,

ஜன்னலோரத்தாரிடம் ஒரு பழைய போர்டும் ஒரு பெட்டியும் கடன் கேட்டேன். "எதுக்கு சார்?" என்றார். "பார்க்க" என்றேன். இதுவரை எங்கள் பகுதியிலிருந்து யாரும் அப்படிக் கேட்டதில்லையாம். கையெழுத்து வாங்க எந்தப் படிவம் என்று அவருக்குத் தெரியவில்லை.

மேசையில் இருந்த அகராதிகளை நகர்த்திவிட்டுப் போர்டை வைத்தேன். அதில் ஒரு சின்ன நீல விளக்கு இருக்கிறது. ஓடும்போது சீராக இமைக்கிறது. நான் 'இணை' என்றேன். விளக்கு அணைந்து, ஒரு மூச்சு இழுத்து, மறுபடி முதலிலிருந்து இமைக்கத் தொடங்கியது. நீ கடிதங்களில் 'நான்கு விநாடி' என்று திரும்பத் திரும்ப எழுதியது அந்த ஒரு மூச்சு என்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு முறையிலும் போட்டு, விளக்கு என்ன ஆகிறது என்று எழுதிக்கொண்டேன். பதினான்கு வருடத்தில் நான் விளக்கிய ஒரு பொருளை விளக்குவதற்கு முன்பே தொட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜன்னலோரத்தாரைக் கெஞ்சி, எதுவும் சொல்லாவிட்டால் ரீசெட் ஆகாதபடி மாற்றவும் வைத்துவிட்டேன். புதிய விளக்கம் இது:

"இணை: ஓடும் போர்டின் உள்ளே பார்ப்பதற்கு. முறை 'ஓட்டத்தில்': போர்டு நிற்காமல் தொடர்ந்து ஓடும், நினைவகம் அப்படியே இருக்கும். முறை 'ரீசெட்டுடன்': போர்டு முதலிலிருந்து தொடங்கும், நினைவகத்தில் இருந்தது அழியும், திரும்ப வராது. முறை சொல்லாவிட்டால் 'ஓட்டத்தில்'. செய்தி தாமதமானால் இதைப் பயன்படுத்த வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்து 'கேள்' பயன்படுத்தவும். தாமதம் என்றால் போர்டு நின்றுவிட்டது என்று பொருளல்ல. 'கேள்' மூன்று முறை பதிலின்றிப் போனால் 'ஓட்டத்தில்' இணைந்து, நினைவகம் முழுவதையும் படித்துச் சேமிக்கவும். அதன் பிறகு எதையும் செய்ய வேண்டாம். நின்ற நிலையே சான்று."

'விலகு'வுக்கும் இதே மாதிரி ஆறு வரி. மெயின் ஸ்விட்சை அணைக்காமல் போகும் வழியும் இருக்கிறது, அதை எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டார் விடுப்பு முடிந்து வந்துவிட்டார். அச்சிட்ட தாளை விரலால் எண்ணிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் விரல் போதவில்லை.

"இதை யார் சார் படிப்பா?" என்றார்.

"மனுஷங்க படிக்க மாட்டாங்க சார். ஆனா இது அதுக்கு. இந்த ஆபீஸ் அனுப்புற தாளை முழுசாப் படிக்கிற ஒரே ஆள் அதுதான்."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு சார். பம்பு நின்னா, ஏன் நின்னுச்சுன்னு கேக்குறவங்களுக்குப் பன்னிரண்டு சொல்லுல நீங்களே பதில் எழுதிக் கொடுத்துடுங்க. நான் டைப் அடிச்சுத் தர்றேன்."

அரை மணி நேரம் யோசித்துவிட்டு, "தற்காலிக விலக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டே சொல். மனிதர் கொள்கையில் உறுதியானவர்.

நேற்றே ஏற்றிவிட்டோம். தொடங்கு.

அண்ணன்

பி.கு.: அவர் அழைத்தாரா என்று கேட்கத்தான் பின்குறிப்பு தொடங்கினேன். அண்ணி பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

மே 21

அண்ணா,

ஏப்ரல் பதினான்காம் தேதி தொடங்கியது. இன்று முப்பத்தெட்டாவது நாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் எழுத எதுவும் நடக்கவில்லை என்பதுதான். எதுவும் நடக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது!

செய்தி ஏழு தடவை தாமதமானது. ஏழு தடவையும் சமர்த்து பத்து நிமிடம் காத்திருந்து, 'கேள்' போட்டுப் பதில் வாங்கிக்கொண்டு, தன் வேலையைப் பார்த்தது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பதிவில் மட்டும் குறித்து வைத்திருக்கிறது: "தாமதம். பொறுத்தேன். ஓடுகிறது."

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே போய் ஒரு தடவை கேபிளை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று கை அரிக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தும் அரிக்கிறது. நேற்று கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சாவியை மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். "இதை நான் கேட்டாலும் தராதீங்க சார்" என்றேன். "ஏம்மா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

நீ ஏழு மணிக்கு ஏன் அழைத்தாய் என்பது ஓரளவு புரிகிறது. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. புரிகிறது, அவ்வளவுதான்.

தங்கை

மே 27

அண்ணா,

நாற்பதாவது நாள் ஒன்றும் ஆகவில்லை. நாற்பத்தொன்றும் அப்படியே. நாற்பத்திரண்டாவது நாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நல்லா உழைச்சீங்கம்மா. ஒரு பத்து நாள் லீவு எடுத்துக்குங்களேன்" என்றார். பைத்தியம் என்பதற்கு அலுவலகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். நர்ஸ் எதையோ அழுத்தியிருப்பார். எண்ணூறு பம்புகளையும் பெட்டிகளில் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாற்பத்து மூன்றாவது நாள், நேற்று, மதியம் மூன்று பத்துக்கு நின்றது.

நான் அப்போது கீழே சாப்பாட்டு அறையில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. சமர்த்தின் அறிக்கையை அப்படியே எழுதுகிறேன்: "செய்தி வரவில்லை. பத்து நிமிடம் பொறுத்தேன். மூன்று முறை கேட்டேன், பதில் இல்லை. ஓட்டத்தில் இணைந்தேன். நினைவகம் முழுவதும் படித்துச் சேமித்தேன். வேறு எதையும் தொடவில்லை. போர்டு நின்ற நிலையிலேயே உள்ளது."

உள்ளே எல்லாம் இருந்தது. பம்பு ஒவ்வொரு முறை அலாரத்தைச் சோதிக்கும்போதும் ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறது. எழுதியதை அழிப்பதே இல்லை. நாற்பத்து மூன்று நாளில் இடம் நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் எழுத இடமில்லாமல் அப்படியே நிற்கிறது, அலாரத்தையும் சேர்த்து. நர்ஸ் எதையும் அழுத்தவில்லை அண்ணா. அந்த அம்மாவின் பெயரை ஒரு வருடமாகக் கோப்பில் குற்றவாளியாக வைத்திருந்தார்கள். முதல் வேலையாக அதை மாற்றி எழுத வைத்தேன்.

மேலாளர் உங்கள் ஜன்னலோரத்தாரை ஸ்பீக்கரில் அழைத்தார். "இடம் நிறைஞ்சா நின்னுடுமா?" என்று கேட்டார்.

"நின்னுடும் சார். அது எல்லாருக்கும் தெரியுமே."

மேலாளர் ஸ்பீக்கரை அணைத்தார்.

பெட்டிகளைத் திரும்பப் பிரிக்கிறார்கள். எண்ணூறும் நிரல் மாற்றிய பிறகுதான் போகும். மேலாளர், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். நான் போய் அந்த நீல விளக்கைப் பார்த்தேன். இமைக்காமல் நின்றிருந்தது. அழுகை வந்தது. எதற்கு என்று கேட்காதே.

தங்கை

ஜூன் 1

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். நர்ஸ் பற்றிய வரியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள்.

இங்கே பன்னிரண்டார் தன் விதியைத் திரும்பப் பெற்றுவிட்டார். இனி விளக்கங்கள் "தேவையான அளவு" இருக்கலாம் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அந்தச் சுற்றறிக்கை நான்கு பக்கம். ஜன்னலோரத்தார் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது நோட்டு ஓடுகிறது. மற்ற இலாகாக்களின் இருபத்தெட்டு கருவிகளையும் மேசையில் வைத்துத் தொட்டுப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அகராதிகள் தரையில் கிடக்கின்றன.

நீ ஏப்ரலில் எழுதியதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கேபிளின் அந்தப் பக்கம் இருப்பதற்கு என்ன ஆகிறது என்று எழுது என்றாய். ஏழு மணிக்கு என் பக்கம் என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்: நான் அழைப்பேன், கடமை முடிந்தது என்று நிம்மதியாகச் சாப்பிடப் போவேன். அந்தப் பக்கம் என்ன ஆனது என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

பின் அறையிலிருந்த என் பழைய கையேடுகளை எடுத்து எடைக்குப் போட்டுவிட்டோம். அறை காலியாக இருக்கிறது. காற்று வருகிறது. இது தகவல் மட்டும்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டியதில்லை.

அண்ணன்

ஜூன் 6

அண்ணா,

உன் கடிதத்தில் ஒரு கேள்விகூட இல்லை. நம்பாமல் இரண்டு முறை தேடினேன்.

ஆகவே, மார்ச் ஒன்பதாம் தேதி நீ கேட்டவற்றுக்கு:

சாப்பிடுகிறேன். நானே சமைக்கிறேன், சுமாராக இருக்கிறது. தூங்குகிறேன். உன் மாப்பிள்ளை இரண்டு முறை அழைத்தார். இரண்டாவது முறை எடுத்து, முப்பது விநாடி பேசி, நானே வைத்தேன். திரும்பிப் போகப் போவதில்லை. இது இன்றைக்கு எடுத்த முடிவில்லை, நவம்பரிலேயே எடுத்தது. நீ தினமும் கேட்டதால் தினமும் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது.

அண்ணியிடம் சொல், அடுத்த மாதம் பின் அறைக்கு ஒரு வாரம் வருகிறேன். வரும்போது யாரும் வாசலில் நின்று அழ வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யலாம். ஏழு மணிக்கு வேண்டாம், காலையில் செய். நான் எடுக்கத் தாமதமானால் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். பத்து நிமிடம் பொறு. ஓடிக்கொண்டுதான் இருப்பேன்.

தங்கை